படகுக்காரர் வேஷம்

ஊரில் யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குத் தோள் சரிந்தது என்பதெல்லாம் தையலக்காவுக்கு அத்துப்படி. முப்பது வருஷமாக எல்லோரையும் அளந்தவள். ஆனால் அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியவர்கள் குறைவு. துணியைக் கொடுப்பார்கள், தைத்ததை வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

காரணம் அவளுடைய அப்பா. போர் நடந்தபோது, ஒரு விடியற்காலையில் எதிரிச் சிப்பாய்களைத் தன் படகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து விட்டவர் அவர். அன்று பிடித்துக்கொண்டு போன பதினொரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அதன்பிறகு அவர் படகில் யாரும் கால் வைக்கவில்லை. அவரும் சாகும்வரை ஊராரிடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாளை ஊரே சேர்ந்து ஆற்றங்கரை மைதானத்தில் நாடகமாகப் போடுவது என்று பள்ளிக்கூட வாத்தியார் கிளம்பினார். நாற்பது பேருக்கு உடுப்பு தைப்பது தையலக்காவின் பொறுப்பு. ஒத்திகை நடந்த ஹாலின் மூலையிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு சிப்பாய்ச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். “சிப்பாய்கள் பாலத்தின் வழியாக வந்தார்கள்” என்று ஒரு பெண் வாசித்தாள். மெஷின் நின்றது.

“சார், அப்ப ஏது பாலம்?”

வாத்தியார் நெளிந்தார். “உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா அப்படி எழுதினேன்.”

“எனக்காக நீங்க பாலமெல்லாம் கட்ட வேணாம். படகுலதான் வந்தாங்க. அப்படியே எழுதுங்க.”

சரி, படகுக்காரராக யார் நடிப்பது? சிப்பாய் வேஷத்துக்கு அடித்துக்கொண்டவர்கள்கூட இப்போது தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் கையைத் தூக்கியவர் பேக்கரிக்காரர். அந்தப் பதினொரு பேரில் அவருடைய அண்ணனும் ஒருவர். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் முழங்கை வரை மாவோடு அளவு கொடுக்க வந்தார்.

“உங்கப்பா எப்படி நிப்பாரும்மா?”

“இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்ணே. கழி ஊனி ஊனி அப்படி ஆயிடுச்சு.”

அவர் தோளை இறக்கி நின்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அவர் ஏம்மா அவங்களைக் கூட்டிட்டு வந்தாரு?”

நாடா அவள் கையில் அப்படியே தொங்கியது. “நாங்க மூணு பிள்ளைங்க. அக்கா, நான், கைக்குழந்தையா தம்பி. எங்களை அக்கரையில உக்கார வெச்சுட்டு ஒருத்தன் துப்பாக்கியோட நின்னான். அப்பா எங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே கழி போட்டாரு.”

“இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“அவர் சொல்ல விடலண்ணே. பறிகொடுத்தவங்க வீட்டு வாசல்ல போய், என் பிள்ளைங்க உசிரோட இருக்குன்னு எந்த வாயால சொல்றதும்பாரு.”

பேக்கரிக்காரர் அளவைக்கூட முடிக்காமல் நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனார். நாடகத்தில் மூன்று குழந்தைகள் சேர்ந்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. காற்று மைக்கில் பாதி வசனத்தைத் தின்றது. சக்கரம் வைத்த பலகைப் படகு நட்டநடுவே சேற்றில் சிக்கிக்கொள்ள, சிப்பாய்களே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது பின்னால் கரையில் மூன்று குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் பக்கத்தில் நின்றான். சிரிப்பு அடங்கியது. இடது தோள் இறங்க, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பேக்கரிக்காரர் கழி ஊன்றிப் போனார்.

தையலக்கா ஊசியும் நூலுமாக மைதானத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தாள். பதினொரு பெயர்களையும் வாசித்து முடித்த பிறகு, அதில் ஒருவருடைய மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். இத்தனை வருஷமும் மருமகள் கையில்தான் துணி கொடுத்து அனுப்பியவர்.

“அன்னைக்கு உனக்கு என்ன வயசு?”

“ஏழு.”

“என் மூத்தவளுக்கும் ஏழுதான்.” அந்த அம்மா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டார். “உக்காரு. எவ்வளவு நேரமா நிக்கிற.”