தங்க விளிம்பில் வைத்த பொட்டு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் பொட்டு வைப்பேன். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கும் என் கணவருக்குக் கம்ப்யூட்டர் கேம் என்றால் உயிர். கேபினெட்டுக்குள் அடங்குமா, பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்துப் பார்த்து கேம் காட்சிகளைத் துல்லியமாகக் காட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள், அதன் தங்க நிற விளிம்பில் சந்தனம் குழைத்து வைத்துவிட்டேன்.

"ஐயோ, அந்த விளிம்பைத்தான் உள்ள சொருகணும்! ஈரத்தோட மாட்டியிருந்தா கார்டே போயிருக்கும்!" என்று பதறித் துடைத்தார்.

நன்றாகக் காய்ந்தபின் மாட்டினார். கேமைப் போட்டதும் திரையில் மழை பெய்தது. ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரிந்தது. தேங்கிய நீரில் தெருவிளக்கு நடுங்கியது. ஆடிப்பெருக்கன்று காவிரியைப் பார்த்ததுபோல் கைகூப்பி நின்றுவிட்டேன்.

இப்போதெல்லாம் பொட்டு அட்டைப்பெட்டிக்குத்தான். கும்பிடு மட்டும் உள்ளே இருப்பதற்கு.