ரைட் ஃபீல்டில் ஓர் அம்மச்சி

அப்படிச் சிரிக்காத தம்பி, நான் ஆடினது பேஸ்பால்தான், கிரிக்கெட் இல்ல. டீமை நடத்துற மேனேஜரும் நான், அதே டீம்ல மட்டை பிடிக்கிற ஆட்டக்காரியும் நான். ஒருத்தியே மாமியாராவும் மருமகளாவும் ஒரு வீட்டுல குடியிருக்கிற மாதிரியான வேலை அது.

இவன் என் மருமக பிரேமாவோட தம்பி, கோயமுத்தூர்லேர்ந்து வந்திருக்கான், எதையும் நம்பமாட்டான். இதைக் கேக்கிற உங்கள்ல, மேல ஒரு முதலாளியும் கீழ பத்துப் பேரும் வெச்சு வேலை பாக்கிறவங்களுக்காவது என் கஷ்டம் புரியும்.

ஒன்பது பேர் வேணும்

மட்டாஞ்சேரில அரிசி மொத்த வியாபாரம் பண்ற ஹம்சாக்கா (அக்கா இல்ல, ஆம்பளைதான், இக்கான்னா இங்க அண்ணன்), தன் அரிசிப் பேரை ஜெர்சி முதுகுல அடிச்சு ஒரு பொம்பளைங்க டீம் வெச்சாரு. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கூலி உண்டு. நான் காலேஜ்ல சாஃப்ட்பால் ஆடினது அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும். நானும் அவங்களும் ஒரே தையல் கிளாஸ். அவங்க தைச்ச பாவாடை ஒருநாளும் இடுப்புல நின்னதில்ல, அது வேற கதை. அப்படித்தான் மேனேஜராப் போனேன்.

முதல் ஆட்டத்துக்கே எட்டுப் பேர்தான் வந்தாங்க. ஒன்பது இல்லேன்னா ஆடாமலே தோல்வி. பேரன் எடுத்தவ, சுடிதார் மேல ஜெர்சியை மாட்டிக்கிட்டு ரைட் ஃபீல்டுக்குப் போனேன். பந்து அதிகம் வராத மூலை அது. வந்த ஒரே பந்தும் காலுக்கு நடுவுல புகுந்து கடலை வண்டிகிட்ட போச்சு. அதை எடுக்கப் போய் நானும் விழுந்தேன். சனமெல்லாம் கைதட்டிச் சிரிச்சுது. பந்து எறியற ரெஜினா, சுள்ளிக்கல் ஊர்க்காரி, பக்கத்துல வந்து சொன்னா: "சேச்சி, அடுத்த பந்துக்காவது கண்ணைத் தொறந்து வெச்சுக்குங்க."

முட்டி

அப்புறம் சனிக்கிழமைதோறும் ஆட்டம், சனிக்கிழமைதோறும் தோல்வி. மட்டையில பந்து பட்டா முதல் பேஸ்ங்கிற மூலைக்கு ஓடணும். என் முட்டி ரெண்டும் வேற வேற திசையில போகும். தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு வீடே வைத்தியசாலை மாதிரி நாறுது. ஆட்டோ ஸ்டாண்டே காலியாகி என் ஓட்டத்தைப் பாக்க வந்துடும். அதுல ஒருத்தன் கம்பிக்கு வெளியிலிருந்து கேட்டான்: "அம்மச்சி, ஏறிக்கிறீங்களா? அந்த மூலைல எறக்கி விடறேன்."

மேனேஜர் செஞ்ச காரியம்

ஹம்சாக்கா ஒவ்வொரு தோல்விக்கும், "இப்படியே போனா டீமு வேண்டாம் சேச்சி"ன்னு சாயாவை ஆறவிட்டுட்டு முனகுவாரு. டீம்ல யாரு மோசம்னு மேனேஜர் யோசிச்சா. ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கல. கலூர்ல துணிக்கடைல நிக்கிற சுமி புதுசா வந்தா, மான் மாதிரி ஓடுவா. ஒருநாள் பாதி ஆட்டத்துல நான் வெளிய வந்து அவளை எறக்கினேன். மேனேஜர் தீர்மானிச்சா, ஆட்டக்காரி அழுதா. ரெண்டு வேலைக்கும் ஒரே துப்பட்டா.

கொஞ்ச நேரத்துல ஆட்டோக்காரங்க, "அம்மச்சி எங்க, அம்மச்சியைக் கொண்டு வா"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க. எனக்கும் ஆசைதான். சாஃப்ட்பால்ல ஒரு தடவை திரும்பி உள்ள போகலாம், அந்த நினைப்புல எழுந்துட்டேன். அம்பயர் கையை நீட்டித் தடுத்தாரு: "இங்க வெளிய வந்தா வந்ததுதான் அம்மே, போய் உக்காருங்க."

ஜெயிச்ச கதை

அன்னைக்கு ஜெயிச்சோம். அடுத்த வாரமும், அதுக்கடுத்த வாரமும். பிள்ளைங்க ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுத்தினாங்க. அந்தச் சந்தோஷத்துல நான் கவனிக்கல, கடலை வண்டி வர்றதை நிறுத்தியிருந்துச்சு. ஆட்டோக்காரங்களும் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டாங்க.

ஹம்சாக்கா கூப்பிட்டு விட்டாரு. மெதுவாத்தான் சொன்னாரு, நல்ல மனுஷன். "ஜெயிக்கிறதை டிவிலயே பாத்துக்குவாங்க சேச்சி. நீங்க விழுறதைப் பாக்கத்தான் இங்க வந்தாங்க. ஆள் வந்தாத்தானே முதுகுல இருக்கிற என் அரிசிப் பேரைப் பாப்பாங்க. நீங்க திரும்ப எறங்குங்க, டீமை நான் நடத்தறேன்."

கடைசி சனிக்கிழமை

பிள்ளைங்களை வீட்டு மாடியில கூட்டி வெச்சு அதை அப்படியே சொன்னேன். நான் எறங்கினா யாரு வெளிய போகணும்னு எல்லாருக்கும் தெரியும். சுமி எழுந்து, உள்ள போட்டிருந்த பனியன் மேலேர்ந்து ஜெர்சியைக் கழட்ட ஆரம்பிச்சா. அது பாதியில, தாடைகிட்ட மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த முகத்தை நான் பாத்திருக்கக் கூடாது. போட்டுக்கடீன்னு கீழ இழுத்து விட்டேன். ஹம்சாக்காகிட்ட முடியாதுன்னு சொல்லப் படியிறங்கினப்ப, ரெஜினா பின்னாலயே வந்தா: "சேச்சி, நாங்க ஜெயிச்சுப் பாத்துட்டோம். இனி வேணும்னே தோக்க வராது."

நான் முடியாதுன்னதும் அவரு டீமைக் கலைச்சுட்டாரு. அவ்வளவுதான் தம்பி, நான் மோசமா ஆடினவரைக்கும் ஓடின டீம், நான் ஒழுங்கா நடத்தினதும் நின்னுபோச்சு. பிரேமா, மழை எறங்குது, கொடியில என் ஜெர்சி கிடக்கு பாரு, அதை உள்ள எடுத்துட்டு வா.