வெல்டிங் படிக்கப் போன யூஜினி

மன்னாரில் ஒரு சின்னப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் யூஜினி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வீதியோரம் கொட்டில் போட்டு இருந்த நாட்களில் அவளும் கமராவோடு அங்கேயே கிடந்தாள். அதன்பிறகு புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கத்தவில்லை, மிரட்டவில்லை. அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தபடி, கொட்டிலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். பிறகொருநாள், யூஜினி எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள் என்பதை அவர்களே சொன்னார்கள். அவர்கள் போனதும் அம்மா அந்தக் கோப்பைகளைக் கழுவாமல் குப்பையில் போட்டாள்.

"நீ எங்கையாவது போ பிள்ளை," என்றாள்.

போவதற்கு இருந்த வழி மாணவர் விசாதான். கனடாவின் ஒஷாவா நகரில் ஒரு கல்லூரியில் வெல்டிங் படிக்க இடம் கிடைத்தது. படித்து முடித்தால் வேலை செய்யலாம், பிறகு நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். அதற்காகத்தான் அந்தப் படிப்பு. மற்றபடி அவளுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி அவளுடைய கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். என்ன படிக்கப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னாள். ஒரு பெண் வெல்டிங் படிக்கக் கனடா போகிறாளாம் என்று மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். தன் வீட்டு இரும்பு கேற் உடைந்து கிடக்கிறது, திரும்பி வந்தால் ஒட்டித் தர வேண்டும் என்றார். யூஜினியும் சிரித்தாள். விமானம் மேலெழும்பும்வரை அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இறுகிப்போய் இருந்தது.

ரொறன்ரோவில் அம்மாவின் பழைய சிநேகிதி பேர்ணடெற், வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த தன் வீட்டின் பேஸ்மன்ற்றில், நிலத்துக்குக் கீழிருந்த ஒரு அறையைக் கொடுத்தாள். அவள் சண்டைக்காலத்தில் அகதியாக வந்தவள்.

"ஏன் உனக்கு உந்தப் பாடு? பேசாமல் அகதியாப் பதி. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே இருந்தனாங்கள்."

"பதிஞ்சால் அம்மாவைப் பாக்கப் போகேலாது அன்ரி. அதோட, ஆர் ஆரோட நிண்டனான் எண்டு முழுக்கச் சொல்லவேணும். அதைத்தானே அவங்களும் கேட்டவங்கள்."

பேர்ணடெற் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. குளிருக்குத் தன் மகனுடைய தடித்த ஜாக்கெற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் சில வாரங்கள் யூஜினி ஒட்டிய இரும்பெல்லாம் தட்டியவுடன் பிரிந்து விழுந்தது. வகுப்பில் இருந்த பெடியன்கள் அவளை விட்டுத் தள்ளியே நின்றார்கள். ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முகமூடியை இறக்கினால் எல்லாம் கறுத்துவிடும், ஒரு புள்ளி நெருப்பு மட்டும் தெரியும். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அந்த இருட்டுக்குள்தான் அவளை விட்டுப்போயிற்று.

இப்போது ரொறன்ரோவுக்கு அருகே பிறம்ரனில், லொறிகளுக்குப் பின்னால் பூட்டும் ரெயிலர் செய்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. போன வசந்தத்தில் பி.ஆர்., நிரந்தரமாக இருக்கும் உரிமை, கிடைத்தது. செய்தி கேட்டு, பழைய பத்திரிகை ஆசிரியர் இராஜரட்ணம் மன்னாரில் இருந்து போன் எடுத்தார்.

"இப்ப இஞ்ச முந்தின மாதிரி இல்லை, யூஜினி. திரும்பி வாறீரோ? உமக்கு எப்பவும் இஞ்ச ஒரு இடம் இருக்கு."

"இல்லை சேர். அம்மாவைப் பாக்க வருவன். இருக்க வரமாட்டன்."

சொன்ன பிறகுதான், அதை யோசிக்காமலே சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. கொட்டிலில் இன்னும் இருக்கிற தாய்மாரை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது அங்கே யார் படம் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். ஸ்டெபனி என்று ஒரு புதுப்பிள்ளை, நல்லாச் செய்கிறாள் என்றார் அவர்.

"அவவுக்கு என்ர நம்பரைக் குடுங்கோ சேர். வீட்டுக்கு ஆரும் விசாரிக்க வந்தால் எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ," என்றாள். பிறகு மேலே பேர்ணடெற் சாப்பிடக் கூப்பிட, படியேறிப் போனாள்.