பேனாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி. எங்கள் வீட்டு ஓனர் சார் முப்பது வருடம் சயின்ஸ் பாடம் எடுத்தவர். செம்பாக்கத்தில் அவர் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் தையல் மிஷின் போட்டுக் குடியிருந்த காலம் முழுக்க, இதை அவர் ஒருநாளும் என்னை மறக்க விட்டதில்லை.

ஒரு வருடம் மழைக்கு ஏரித் தண்ணீர் தெருவில் நின்றது. என் கணவர் அதிலேயே ஸ்டேஷனுக்கு நடந்து போய்வந்து, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வாங்கிக்கொண்டார். ஒருநாள் காலை பார்த்தால் கணுக்காலுக்கு மேலே சிவந்து, வீங்கி, தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. தெருமுனைப் பூக்காரம்மாவின் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்து, முழங்காலோடு காலையே எடுத்தார்கள். அது ஞாபகம் வந்ததும், துணியில் குறிக்கிற பழக்கத்தில், சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

"இன்னாம்மா, காலை வெட்டித் தைக்கப் போறியா?" என்று சிரித்தார் என் கணவர்.

டாக்டரிடம் கிளம்பும்போது சார் மாடிப்படி இறங்கி வந்து மறித்தார். குனிந்து பார்த்தார்.

"அக்கி. சந்தேகமே வேணாம்."

"அக்கின்னா வரிசையா கொப்புளம் இருக்குமே சார்? இதுல ஒண்ணுகூட இல்ல. சுடுது வேற."

"நீ எத்தனாவதும்மா படிச்சே?"

இதுதான் அவருடைய பரிசோதனை முறை. டாக்டரிடம் போகாமல் வீட்டுக்குள் திரும்பினோம். அவர் ஃபோன் போட்டதும் மாடம்பாக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். அக்கிக்கு எழுதுகிற வழக்கப்படி செங்காவியைக் குழைத்து முழங்கால்வரை பூசி, நடுவில் ஒரு சிங்கமும் வரைந்தார். அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன், கூப்பிட்டார்கள், வந்தார். சார்தான் பக்கத்தில் நின்று, "வாலை இன்னும் கொஞ்சம் நீட்டுப்பா" என்று திருத்தினார். சயின்ஸ் வாத்தியார்! சிவந்த காலின்மேல் சிவப்பைப் பூசினால், உள்ளே பரவுகிறதா இல்லையா என்று எவன் கண்டான்? அத்தனை படிப்புக்கும் அந்தச் சின்னக் கேள்வி தோன்றவில்லை. தோன்றிய எனக்கோ கேட்கத் துப்பில்லை.

மறுநாள் காலை என் கணவருக்குக் குளிர்க் காய்ச்சல். "மூணு நாள் கழுவக் கூடாதுன்னு சார் சொன்னாரே" என்று காலை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். சிங்கம் பக்கெட்டில் கரைந்தது. நீலக் கோடு அப்படியே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி நாலு விரற்கடை ஏறியிருந்தது.

ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பார்த்த உடனே சேர்க்கச் சொன்னார்.

"செல்லுலைட்டிஸ். விரலிடுக்குப் புண் வழியா கிருமி உள்ள போயிருக்கு. சீழ்க்கட்டின்னா ஒரே இடத்துல உருண்டு நிக்கும். இது தோலுக்கு அடியில பரவிக்கிட்டே போகும். இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான் மேடம். பயத்துல போட்டேன்."

"நாங்களும் இதத்தான் போடுவோம்" என்று என் கோட்டுக்கு வெளியே இன்னொன்று போட்டு, பக்கத்தில் மணி எழுதினார்.

ஊசி மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. நான் போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சிவப்பு இரண்டு கோட்டுக்குள்ளும் பின்வாங்கியது. கால் தப்பியது.

வீடு திரும்பியபோது சார் கேட்டருகே நின்றிருந்தார்.

"நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கேட்டீங்களா?"

இவரிடம் எத்தனை பிள்ளைகள் படித்திருக்குமோ, பாவம்.

"ஆமா சார், சொன்னீங்க" என்றேன். "வாலை நீட்டச் சொன்னீங்களே, அப்பதான் சொன்னீங்க."

என் கணவர் நொண்டிக்கொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல், இரண்டு காலாலும் நடந்து உள்ளே போனார்.