படாக்குத் தண்ணீர்

கத்திகளுக்குக் கைப்பிடி செய்து விற்கிறேன். இன்று படாக்கு மரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கை கழுவியபோது வாளித் தண்ணீர் சிவந்துபோனது. மிளகையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்ததுபோல ஒரு வாசம்.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லருகே அதே வாசம் வரும். அப்பா லாரி ஓட்டினார். துறைமுகத்திலிருந்து அந்தமான் மரம் ஏற்றி வந்தால் சட்டையெல்லாம் செந்தூள். முதல்முறை தண்ணீர் சிவந்ததைப் பார்த்து வீறிட்டு அழுதேன்.

"ரத்தமில்ல சாமி, படாக்குத் தூளு. மோந்து பாரு" என்று அம்மா வாளியை என் மூக்கருகே தூக்கிப் பிடித்தாள். பிறகு, வாளி சிவந்தாலே எனக்குக் கொண்டாட்டம்தான்.

ஒருமுறை அப்பா லாரி இல்லாமல் பஸ்ஸில் வந்தார். உடம்பில் கீறல்கூட இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா அவர் சட்டையை நனைத்ததும் தண்ணீர் சிவந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன். அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"படாக்குத்தான். போயி வெளையாடு."

வாசத்தைக்கூடத் தர மனமில்லையே என்று கோபித்துக்கொண்டு அன்று நான் சோறு தின்னவில்லை. அது யாருடைய ரத்தம் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

"அம்மா, ரத்தமா?" என்கிறாள் என் மகள், வாளியைப் பார்த்து.

"மரம் சாமி" என்று ஈரக் கையை அவள் மூக்கருகே நீட்டுகிறேன். "மோந்து பாரு."