ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாட்ச்

வாட்ச் ரிப்பேர்க்காரனிடம் மட்டும் மணி கேட்காதீர்கள். அவன் கடையில் இருபது வாட்ச் தொங்கும், இருபதும் இருபது மணி காட்டும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பதினேழு வருஷம் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தே கிடந்தவன் நான். கழுத்து வலியும் "எப்ப ரெடியாகும்?" என்ற நச்சரிப்பும் கைத்தொழில் செய்கிற எல்லோருக்கும் பொதுதானே. நீங்களும் ஒரு கைத்தொழில்காரர் என்றால் நம்ம கூட்டம்தான். அதனால் மனம்விட்டுச் சொல்கிறேன்.

ஆறு நாள், ஆறு வாட்ச்

பாக்கியநாதன் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பீடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே கிறுக்கு, பழைய சுவிஸ் வாட்ச். புதுசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். துரைமார் காலத்து உயர்ந்த சரக்காக, மூன்று நாலு வருஷம் காசு சேர்த்து வைத்து ஒன்று வாங்குவார். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று ஆறு சேர்ந்துவிட்டது. ஏழாவது அமையாததால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறுங்கையோடு மாதா கோயிலுக்கு வருவார்.

எண்பத்தாறில் அவருக்கு ரிடையர்மென்ட் நெருங்கியது. என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, "அருளப்பா, பென்ஷன்ல இந்த ஆசையெல்லாம் முடியாது. இதுதான் கடைசி. கை படாத டயலாப் பார்த்துச் சொல்லு" என்றார். பழைய வாட்ச் சேர்க்கிறவர்களுக்கு டயல்தான் உயிர். முதன்முதலில் பூசிய வர்ணம் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் யாராவது மறுவர்ணம் பூசியிருந்தால் மதிப்பு பாதியாகிவிடும். இந்தச் சோலியை என்னை நம்பி ஒப்படைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சம்சாரம் டீச்சரம்மாதான் காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம ஒரு நாளாச்சும் இவரு கையப் பார்க்காம பீடத்தப் பார்ப்பாருன்னு இருந்தேன். அதையும் கெடுக்க ஆள் புடிச்சிட்டாராக்கும்."

வெயில் வரட்டும்

எங்கள் ஊர் ரிப்பேர்க்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு. பனிமூட்டத்தில் வாட்ச்சின் முதுகு மூடியைத் திறக்கக் கூடாது. ஈரக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் கண்ணாடி உள்பக்கமாக வேர்க்கும், மெஷின் துருப்பிடிக்கும். நல்ல வெயில் நாளில், பதினொரு மணிக்கு மேல்தான் நான் திறப்பேன்.

சீசனுக்கு வந்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர் தங்கக் கேஸ் போட்ட வாட்ச் ஒன்றை விற்க வந்தார். சார் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மூடியைத் திறந்து, டயலைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நாலு நாள் விடாத தூறல். எதிரில் இருக்கிற ரொட்டிக் கடைகூடத் தெரியவில்லை. சார் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வானத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். ஐந்தாம் நாள் மெட்ராஸ்காரர் மூட்டை கட்டிவிட்டார். வாட்ச்சைத் திரும்ப வாங்கிக் கையில் கட்டிக்கொண்டே சொன்னார்: "வெயில் வந்தாதான் வாட்ச் பார்ப்பீங்கன்னா, உங்க ஊருக்கு சூரியக் கடிகாரமே போதுங்களே."

பூண்டு வாசம்

அடுத்த மாதம் பள்ளங்கி கிராமத்திலிருந்து பெரியசாமி அண்ணன் வந்தார். பூண்டு வெள்ளாமைக்காரர். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்ததும் கடையெல்லாம் பூண்டு வாசம். உள்ளே வட்ட முகம், மெல்லிய தங்க முள், பால் போல டயல். சார் பல வருஷமாக வாயாலேயே வரைந்து காட்டிய அதே ரகம். எஸ்டேட் துரை சீமைக்குப் போகும்போது அண்ணனுடைய அய்யாவுக்குக் கொடுத்ததாம். அய்யா காலமாகி ரெண்டு வருஷம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் வாங்கணும், அதனால் விற்கிறேன் என்றார்.

அன்றும் பனி. சட்டம் பேசி ஒன்றைக் கோட்டை விட்டாயிற்று, இதையும் விடுவதா? சாருக்கு ஆள் அனுப்பினேன். மூடியைத் திறக்காமல், லென்ஸை வைத்து மேலாகப் பார்த்துவிட்டு, "கை படாத டயல் சார், என் கண்ணு மேல சத்தியம்" என்றேன். நாற்பது வருஷம் தோட்டம் துரவில் கிடந்த டயல் ஏன் இத்தனை வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. சார் பேரம்கூடப் பேசாமல் அப்போதே பணத்தைக் கொடுத்துவிட்டார். பெரியசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நமக்குச் சேவல் கூவுனா வெள்ளனே எந்திரிக்கணும், இருட்டுனா வீட்டுக்குப் போகணும். நடுவுல மணி பார்த்து என்னங்க ஆகப் போகுது?"

மூடிக்குள்ளே

சனிக்கிழமை பளிச்சென்று வெயில். மறுநாள் சார் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு வர வேண்டுமே, எண்ணெய் விட்டுக் கொடுக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். இங்கே ஒரு தொழில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் எங்கள் அடையாளத்தையும் வருஷத்தையும் கீறி வைப்போம், அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரியட்டும் என்று. எல்லோரும் இங்கிலீஷ் எழுத்துதான் கீறுவார்கள். தமிழில் 'அ' போடுகிறவன் இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான்.

மூடிக்குள் 'அ' இருந்தது. பக்கத்தில் 74. கீழே ஒரு கோடு. கோடு இருந்தால் டயலுக்கு மறுவர்ணம் பூசியாயிற்று என்று அர்த்தம். நானே வைத்துக்கொண்ட குறி. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது! வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று ஒரு பெரியவர் கொண்டுவந்ததும், டயலை மதுரைக்கு அனுப்பிப் பூசி வாங்கியதும். மூடியைப் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து, அழிந்து போயிருக்குமோ என்கிற மாதிரி மறுபடி திறந்தேன். அது எங்கே போகும்? பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இது அவர் வாங்கப்போகிற கடைசி வாட்ச். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முன் பெஞ்சில் அதைக் கட்டிக்கொண்டு உட்காருவார். பூசை முடிகிற வரைக்கும் நான் எங்கே பார்ப்பது?

சாயங்காலம் சார் சிரித்த முகமாக வந்தார். திறந்த வாட்ச்சையும் லென்ஸையும் நீட்டினேன். "டயல் மறுவர்ணம் சார். பூசி வாங்குனவனும் நான்தான், சத்தியம் பண்ணுனவனும் நான்தான். உங்க பணத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தந்துர்றேன்" என்றேன். சார் லென்ஸை மாட்டி அந்த 'அ'வைப் பார்த்தார். இவரை இழந்தோம் என்றுதான் நினைத்தேன். லென்ஸை மேஜை மேல் வைத்தார். அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது: "மத்த ஆறையும் எவன் எவன் தொறந்தான், என்ன பண்ணுனான்னு எனக்குத் தெரியாது அருளப்பா. இது ஒண்ணுலதான் கை வச்சவனே நேர்ல வந்து சொல்றான். வெரசா மூடிக் குடு, பனி எறங்குது."

அந்த நல்ல மனுஷர் புண்ணியத்தில், திறந்து பார்க்காத எதற்கும் நான் சத்தியம் பண்ணுவதில்லை. அதனாலேயே சொந்தபந்தத்தில் யாரும் பெண் பார்க்கப் போகும்போது என்னைத் துணைக்குக் கூட்டிப் போவதில்லை.