ஆமி எண்டு சொல்லாதேங்கோ

டென்மார்க்கில, ஆஸ்பத்திரியில டொக்டருக்கும் எங்கட சனத்துக்கும் நடுவில நிண்டு மொழிபெயர்க்கிற டொல்க் வேலை என்னைப்போல செய்த ஆக்களுக்குத் தெரியும்: சொந்தமாய் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, கோவம் வந்தால் டேனிஷிலயும் விழுங்கவேணும், தமிழிலயும் விழுங்கவேணும்.

ஆர் தந்தது?

ஊரில சண்டை முடியப்போன அந்த வைகாசியில, சில்க்போர்க்கில பக்டரி வேலை செய்யிற கமலா புருசனோட வந்தா. கருப்பை வாசலில கலங்கள் மாறத் தொடங்கியிருக்கு. இன்னும் புற்றுநோய் இல்லை, சின்ன ஒப்பரேசனால வெட்டி எடுக்கலாம், விட்டால் புற்றுநோயாய் வரலாம். பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த கடிதங்களை, "உனக்கென்ன வருத்தம்?" எண்டு புருசன் ரெண்டு தரம் குப்பையில போட்டவராம்.

இதுக்குக் காரணம் ஒரு வைரஸ் எண்டதும் மனுசன் துள்ளி எழும்பினார். "இது ஆரிட்டயிருந்து உனக்கு வந்தது?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லுக்குச் சொல் டேனிஷில சொன்னன். டொக்டரம்மா பேனையை வைச்சா. அது வருசக்கணக்காய் ஒளிச்சிருக்கும், ஆரிட்டயிருந்து வந்ததெண்டு கண்டுபிடிக்கேலாது எண்டா. பிறகு என்னைப் பாத்து, "அந்தக் கேள்வியை அவர் தன்னட்டயே ஒருக்கால் கேட்டவரோ எண்டு கேளுங்கோ."

காவல்

அடுத்தமுறை கமலா தனிய வந்தா. டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினா: "நோயெதிர்ப்புக் கலங்கள்தான் உங்கட உடம்பின்ர ஆமி. அனேகம் பேருக்கு இந்த வைரஸை அவை துரத்திப்போடும்."

நான் சொல்லி முடிக்கேல்லை, கமலா மேசையில அடிச்சா. "ஆமி எண்டு சொல்லாதேங்கோ!" அவவின்ர அக்கா வன்னியில, ஆமி சுத்திவளைச்ச இடத்தில. மூண்டு கிழமையாய் ஒரு தகவலும் இல்லை.

டொக்டர் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, காவல்காரர் எண்டு மாத்தினா. "அப்ப எனக்கு ஏன் துரத்தேல்லை?" எண்டு கமலா கேட்டா. டொக்டர் சொன்னா: வைரஸ் காவலின்ர கண்ணில படாமல் ஒளிச்சிடும். காவலுக்கு நிக்கிற சில கலங்களே மற்றக் காவல் கலங்களைப் பொறுங்கோ எண்டு அடக்கிப்போடும். புற்றுநோய் வந்திட்டாலோ, துப்புரவாக்க வந்த காவல் கலங்களிலயே சிலது அதுக்குத் தீனி போட்டு வளர்க்கும். எல்லாத்தையும் கேட்டிட்டுக் கமலா சொன்னா: "காவலுக்கு நிண்டவை பாத்துக்கொண்டு நிண்டவை எண்டு சொல்லுங்கோ, எனக்கு விளங்கும்."

கத்தரிக்காய்

ஒப்பரேசன் நாளில ஆளைக் காணேல்லை. சனிக்கிழமை எங்கட தமிழ்க் கடையில கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிக்கிறா! நோயாளியை வெளியில கண்டால் வருத்தத்தைப் பற்றி ஒண்டும் கதைக்கக்கூடாது எண்டது எங்கட சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. "உமக்கென்ன விசரோ? ஏன் வரேல்லை?" எண்டு கத்திப்போட்டன்.

அவ கத்தரிக்காயைத் திருப்பி வைச்சா. "அக்கா இருக்கிறாவோ இல்லையோ தெரியேல்லை. நான் மட்டும் போய் என்ர உயிரைக் காப்பாத்திறதோ?"

டெலிபோன்

ரெண்டு கிழமைக்குப் பிறகு, சண்டை முடிஞ்சுது எண்டு ரீவியில சொன்ன பிறகு, தானாய் நாள் கேட்டு வந்தா. அக்காவைப் பற்றி அப்பவும் தகவல் இல்லை. என்ன மாத்தினது எண்டு நேர்ஸ் கேட்டா. "அக்கா டெலிபோன் அடிச்சால் கதைக்க ஆள் வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

ஒப்பரேசன் அறைக்குள்ள நோயாளி டெலிபோன் கொண்டுபோகேலாது. கமலா விடுறாவில்லை, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. இந்தப் பாழாய்ப்போன சட்டங்களில எனக்கு வந்த ஆத்திரம்! நேர்ஸ் மெதுவாய் அதை வாங்கித் தன்ர பொக்கற்றில போட்டிட்டு என்னைப் பாத்தா. "அடிச்சால் நான் எடுக்கிறன். தமிழில என்ன சொல்லவேணும்?"

அந்த ஆஸ்பத்திரிக்குள்ள நான் சொந்தமாய்ச் சொன்ன ஒரே வசனம் "கமலா இருக்கிறா, கட் பண்ணாதேங்கோ" எண்டதுதான். அதையும் நாலு தரம் சொல்லிப் பாடமாக்கின நேர்ஸ், ஒப்பரேசன் நல்லபடி முடியுமட்டும், அடிக்காத டெலிபோனோட நிண்டா.